பாண்டா வரிசை

கம்பித் தடுப்புக்குள் நுழைந்து இரண்டாவது வளைவு திரும்பும்போதே செண்பகராமனுக்கு அடிவயிற்றில் அந்த இழுப்பு வந்துவிட்டது. வந்ததை அவர் வரவில்லை என்று வைத்துக்கொண்டார். இந்த வயதில் மனுஷன் கற்றுக்கொள்ளும் வித்தைகளில் இதுவும் ஒன்று. வரவில்லை என்று வைத்துக்கொண்டால் கொஞ்ச நேரம் அது வராமலே நிற்கும், ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே எதிரில் வந்தவனை நிற்கவைக்கிற மாதிரி. தென்காசி தாலுகா ஆபீஸில் துணை தாசில்தாராக இருந்தவருக்கு ஆட்களை நிற்கவைத்துப் பழக்கம் உண்டே தவிர, வரிசையில் நின்று பழக்கமில்லை. திருச்செந்தூரில்கூட வி.ஐ.பி. வாசல் வழியாகத்தான் போவார். இங்கே எந்த வாசல்? சீன தேசமே வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இந்த மிருகக்காட்சி சாலைக்கு வந்துவிட்டது போல இருந்தது. அக்டோபர் மாசம் முதல் வாரம் அவர்களுக்குத் தேசிய விடுமுறை, ஆபீஸ், பள்ளிக்கூடம், ஃபாக்டரி ஒன்றும் கிடையாது, செங்டுவில் கூட்டம் நெருக்கித் தள்ளும் என்று மகன் நேசன் முன்னாடியே சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு அவனே கூட்டியும் வந்துவிட்டான். பாண்டா பார்க்காமல் ஊருக்குப் போனால் அம்மா என்னை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவாள் என்றான். மனைவி வள்ளியம்மைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் அவள் வரவில்லை. மருமகள் மாசமாக இருக்கிறாள், ஒரு பெரிய ஆளாவது போய் எட்டிப் பார்க்க வேண்டாமா என்று அவரைத் தனியாக விமானம் ஏற்றிவிட்டாள். எட்டிப் பார்க்க வந்த பெரிய ஆள் இப்போது இரண்டு தொடைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு, முன்னால் நிற்கும் சிறுமியின் தலையில் ஆடுகிற இரண்டு கறுப்புத் துணிக் காதுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். தூறல் நின்றிருந்தது. குளிர் நிற்கவில்லை. குளிர்தான் இதற்கு முதல் எதிரி. இரண்டாவது, காலையில் குடித்த சோயாப் பால், பெரிய தம்ளரில், ஒன்றல்ல. பால் என்று நினைக்காதே, ஒன்றையும் நினைக்காதே. பாண்டாவை நினை. பாண்டா தண்ணீர் குடிக்குமா? மூங்கிலிலேயே தண்ணீர் இருக்குமாமே. தண்ணீர் என்று நினைக்காதே.

நேசன் வரிசையில் இல்லை. அப்பாவுக்குச் சாப்பிட ஏதாவது சைவமாகக் கிடைக்கிறதா என்று பார்த்து வருவதாகச் சொல்லி, நீங்கள் ரெண்டு பேரும் நில்லுங்கள் என்று போய்விட்டான். நீங்கள் ரெண்டு பேரும் என்பது அவரும் மருமகளும். அவள் பெயர் சியாவ்லிங். இங்கே வந்து மூன்று வாரத்தில் அவளோடு அவர் தனியாக நிற்பது இதுதான் முதல் தடவை. அவளுக்கு ஐந்தாம் மாசம். தொளதொளத்த சட்டையிலும் வயிற்று மேடு தெரிந்தது. வரிசை தொடங்கும் இடத்தில் காவலாள் ஒருவன் அதைக் கண்டுகொண்டு, பக்கத்து வாசல் வழியாக நேராக உள்ளே போகலாம் என்று அவளுக்குக் கை காட்டினான். அவள் இவரைச் சுட்டிக் காட்டி ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டி மறுத்தான். உடனே அவள் வந்து இவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டாள். போயிருக்கலாம். போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவர் யார் கண்ணிலும் படாமல் நெளிந்திருப்பார். நெளிகிறோமா? நெளியவில்லை. காலை மாற்றி மாற்றி நிற்பது வயசாளிகள் எல்லாரும் செய்வதுதான். அப்போது அவள் கைப்பேசியை வாயருகே வைத்துச் சீனத்தில் என்னமோ சொல்லி, அதை அவர் பக்கமாக நீட்டினாள். செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் அது, நல்ல சத்தமாக, ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னது:

“மாமனாரே, தாங்கள் கழிவறைக்குச் செல்ல விரும்புகிறீர்களா?”

அத்தனை ஜனத்துக்கும் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் இரண்டு காதும் கொதித்தன. நோ, நோ என்று கையை ஆட்டினார், ஈயை விரட்டுவது போல. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும், வந்த வழியைக் காட்டி, நான் கூட்டிப் போகிறேன் என்பது போலத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அவர் பார்வையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு மரத்தை வெகு அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். மருமகளா மாமனாரிடம் கேட்கிற கேள்வி இது? அவர் அப்பா இருந்த காலத்தில் வள்ளியம்மை அவர் முன்னால் நின்று பேசினதில்லை. அதெல்லாம் போகட்டும். உண்மை அதுவா? அதுவல்ல. இவளுக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான். மாசமாக இருக்கிறவள், காலையிலிருந்து நாலைந்து தடவை போய்வந்தவள், அவளுக்குத் தெரியாதா அந்த நிற்பு. தன் உடம்பை வைத்து அவர் உடம்பைக் கண்டுபிடித்துவிட்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. தென்காசியில் அந்தச் சின்ன வயசு டாக்டர் கம்பவுண்டரை வைத்துக்கொண்டே, சார் நின்னு நின்னு வருதா, சொட்டுச் சொட்டா வருதா என்று கேட்டபோது வந்த அதே ஆத்திரம். வீட்டில் வள்ளியம்மையைத் தவிர யாருக்கும் இது தெரியாது. நேசனுக்குத் தெரியவே தெரியாது. காலையில் வாசல் பக்கத்துக் கழிப்பறைக்குச் சியாவ்லிங் போனபோது அவரும் போனார்தான். போய் நின்றார். பின்னால் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். ஒரு ஆள் தொண்டையைச் செருமினான். ஒரு சொட்டு வரவில்லை. நின்றார், நின்றார், முருகனைக்கூட நினைத்துப் பார்த்தார், இதற்கா முருகனை என்று அதற்கு வேறு வெட்கப்பட்டார். கடைசியில் ஜிப்பை இழுத்துவிட்டு, போய் வந்தவரைப் போல கையைக் கழுவி உதறிக்கொண்டு வெளியே வந்தார். அந்தப் பொய்தான் இப்போது திரும்பி வந்து கதவைத் தட்டுகிறது.

இன்னும் போகலாம். கம்பிக்கு அடியில் குனிந்தால் போகலாம். குனிந்தால் அவ்வளவுதான். பின்னால் திரும்பினால் இந்தக் கூட்டத்தை எதிர்த்துப் போக வேண்டும், ஒவ்வொருவனிடமும் என்ன சொல்லி? அந்த வார்த்தையை நேசன் சொல்லிக் கொடுத்தான், வந்த முதல் நாளே. அப்பா, தண்ணிக்கு இது, அரிசிச் சோத்துக்கு இது, பாத்ரூமுக்கு இது. அவள் எதிரில் உட்கார்ந்திருந்ததால் அவர் திருப்பிச் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். சேசு என்று ஆரம்பிக்கும். சேசு, அப்புறம் என்னமோ. ஆபீஸில் சவரிமுத்து இருந்தான், தும்மினாலும் சேசுவே என்பான். சேசுவே. சேசு என்ன? சேசு என்று சொன்னால் புரிந்துகொள்வார்களா? சவரிமுத்துகூட ஒருநாள் கேட்டான், சார், பையனுக்கு எப்போ கல்யாணச் சாப்பாடு என்று. பார்த்துக்கிட்டு இருக்கோம் என்றார் அவர். அப்போது நேசனுக்கு இங்கே பதிவுத் திருமணம் முடிந்து ஏழெட்டு மாசம் ஆகியிருந்தது. அந்தக் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கவில்லை என்றார். புதுப்பிக்க எத்தனை நாளாகும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அப்புறம் தென்காசியில் நடந்த வரவேற்பில், மாப்பிள்ளை வீட்டுக்காரராக நிற்க வேண்டியவர் பந்தி விசாரிக்கிறேன் என்று கொல்லைப் பக்கமே நின்றார். அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, நடக்கத் தெரியாமல் கொசுவத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி வந்து காலில் விழுந்தாள். விழுந்தவளை எழுப்ப வேண்டும் என்று தோன்றாமல் அவர் சமையல்காரரிடம் அப்பளம் போதுமா என்று கேட்டார். கேட்டாரா, அல்லது கேட்டதாக இப்போது தோன்றுகிறதா? கேட்டார். இங்கே வந்ததும் அவள் பாத்திரங்களில் எது எது வெந்ததோ என்று தனக்கென்று ஒரு தட்டும் ஒரு சின்னச் சட்டியும் வாங்கி மேல்தட்டில் வைத்துக்கொண்டார். நேசன் முகம் சுண்டிப்போய்விட்டது. மறுநாள் பாத்திரம் துலக்கும் இடத்தில் புதிதாக ஒரு மஞ்சள் ஸ்பாஞ்ச் இருந்தது. அதை அவள் அவர் தட்டுக்கு மட்டும்தான் உபயோகித்தாள். இரண்டு நாள் கவனித்துப் பார்த்துத்தான் அவருக்கு அது புரிந்தது. புரிந்ததும் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால், நினைக்காதே, வரிசை நகர்கிறது, நட. நடந்தால் கொஞ்சம் குறையும். குறையவில்லை. கம்பியைப் பிடித்தார். கம்பி ஈரமாக, சில்லென்று இருந்தது. ஐயோ, சில்லென்று இருப்பதைத் தொடாதே.

கூட்டம் திடீரென்று இறுகியது. பாண்டா தெரிகிற கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள், நிற்காதீர்கள், நகருங்கள் என்பதாக இருக்கலாம், யாரும் நகரவில்லை. குழந்தைகள் அப்பன்மார் தோளில் ஏறின. கைப்பேசிகள் நாற்று மாதிரி மேலே எழும்பின. வேகவைத்த சோள வாசனை, ஈரத் துணி வாசனை, மூங்கில் இலை கசங்கின வாசனை. யாரோ ஒரு ஆளின் முதுகுப்பை அவர் அடிவயிற்றில் மோதியது. மோதியது என்றுகூடச் சொல்ல முடியாது, சாய்ந்தது. அவர் பல்லைக் கடித்தார். இன்னும் இந்தக் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் வெளி வாசல், வாசல் பக்கத்தில் கட்டாயம் ஒன்று இருக்கும், எங்கேயும் இருக்கும், தேசத்துக்குத் தேசம் மாறினாலும் வாசல் பக்கத்தில் அது இருக்கும். தன்னிடம் தானே கெஞ்சிக்கொண்டிருந்தார். இந்த ஒரு தடவை. இந்த ஒரு தடவை மட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாண்டா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பெரிய முதுகு, அழுக்கு வெள்ளையாக, பழைய மெத்தை மாதிரி. இதற்கா இவ்வளவும் என்று நினைத்தார். அது மெதுவாக, யாரோ கூப்பிட்டது போலத் திரும்பியது. கூட்டம் மொத்தமும் ஆ என்றது. அந்த ஆ-வோடு சேர்ந்து அவருக்குள்ளும் எதுவோ விட்டுப்போனது. முதலில் ஒரு சூடு. தொடையின் உள்பக்கம், அப்புறம் முழங்கால், அப்புறம் காலுறைக்குள். நிறுத்தப் பார்த்தார். நிறுத்த அவரிடம் ஒன்றும் இல்லை. பாண்டாவின் கறுப்பு வளையத்துக்குள் இருந்த சின்னக் கண்கள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தன. அவர் அதையே பார்த்தார். காலையில் வராதது, நேற்றுச் சரியாக வராதது, வருஷக்கணக்காகத் தயங்கித் தயங்கி வந்தது எல்லாம் தங்குதடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, தன்னிடமே சொல்லிக்கொள்ளக் கூடாது. அது சுகமாக இருந்தது. குளிரில் அந்தச் சூடு, அந்த விடுதலை, ஒரு கணம் கண்கள் சொருகுகிற அளவுக்கு சுகமாக இருந்தது. அந்த ஒரு கணம்தான். அப்புறம் சூடு ஆறியது, துணி தொடையில் ஒட்டியது, தான் எங்கே நிற்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது.

சந்தன நிறப் பேன்ட். வேறு நிறத்தில் இரண்டு இருந்தன. இதைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டார், ஃபோட்டோவுக்கு எடுப்பாக இருக்கும் என்று. ஃபோட்டோ. தலையைத் திருப்பினார். சியாவ்லிங் நாலடி தள்ளி, பின்னால் பாண்டாவும் முன்னால் அவருமாக வருகிற மாதிரி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள், மாமியாருக்கு அனுப்புவதற்காக இருக்கும். திரையில்தான் பார்த்திருக்கிறாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் கீழே போய் மேலே வந்தது. கட்டைவிரல் திரையில் ஒரு தடவை அழுந்தியது. எடுத்தாளா, எடுத்ததை அழித்தாளா? கேட்க முடியாத கேள்வி. அந்த ஒரு அழுத்தலை இனி எத்தனை இரவு புரட்டிப் புரட்டிப் பார்க்கப் போகிறோமோ என்று அந்த நிலையிலும் அவருக்குத் தோன்றியது. அவள் கைப்பேசியைப் பையில் போட்டாள், குடையை எடுத்தாள், மழையில்லாத வானத்துக்குக் கீழே அதை விரித்தாள். தலைக்கு மேலே பிடிக்கவில்லை, அவர் இடுப்புக்கு முன்னால் சரித்துப் பிடித்தாள். இன்னொரு கையால் அவர் முழங்கையைப் பற்றினாள். அவள் அவரைத் தொடுவது, காலில் விழுந்த அன்றைக்கு அப்புறம், இப்போதுதான். கைப்பேசியில் செய்தி வாசிப்பவளை அவள் கூப்பிடவில்லை, அந்த மட்டும் தெய்வம். வழி விடுங்கள் என்று அவள் சொன்னது புரியாவிட்டாலும் புரிந்தது, தன் வயிற்றைக் காட்டி வழி கேட்டாள், ஜனங்கள் ஒதுங்கினார்கள். மாசமான பெண்ணை ஒரு வயசாளி தாங்கலாகக் கூட்டிப் போகிறார் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஷூவுக்குள் காலுறை சளக் சளக்கென்றது. அந்தச் சத்தம் ஒலிபெருக்கியைவிடப் பெரிதாகக் கேட்டது. நாலு வயசுப் பையன் ஒருவன் குடைக்கு அடியில் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு அவன் அம்மாவின் கையை இழுத்தான். அவர் பார்வையைக் குடையின் பூக்களிலேயே நிறுத்திக்கொண்டார்.

ஒரு பெரிய வரைபடப் பலகைக்குப் பின்னால், சுவர் ஓரமாக அவரை நிறுத்தி, குடையை அவர் கையில் கொடுத்து, இங்கேயே என்று உள்ளங்கையைக் காட்டிவிட்டு அவள் போய்விட்டாள். சுவரைப் பார்த்து நின்றார். பெஞ்சில் ஏறி நில் என்று சொல்லப்பட்ட பையனுக்குக்கூட நாலு பேர் முகம் தெரியும், அவருக்குச் சுவர் மட்டும்தான். எங்கே போனாள்? நேசனைக் கூப்பிடப் போயிருப்பாள். அவன் ஓடி வருவான், அப்பா, ஏன் சொல்லலை, உடம்புக்கு என்ன என்பான், ஆஸ்பத்திரி என்பான். அப்புறம் அந்த வீட்டில் அவர் ஒரு நோயாளி. அல்லது அவள் போயே போய்விட்டாளோ? கையில் இந்த ஊர் சிம் இல்லை, வீட்டு விலாசம் தெரியாது, ஒரு வார்த்தை தெரியாது. ஈரப் பேன்ட்டோடு ஒரு கிழவனை எந்தப் போலீஸ்காரன் என்ன என்று கேட்பான்? போகட்டும், போனாலும் நியாயம்தான் என்று ஒரு குரல் உள்ளே சொன்னது. நீ அவளுக்கு என்ன செய்தாய், இருந்து தாங்குவதற்கு? அவள் கேட்டாளே, இரண்டு தடவை கேட்டாளே. ஆமாம் என்று ஒரு தலையசைப்பு. அதற்குக்கூடக் கௌரவம். தலையை அசைக்காத கௌரவம் இப்போது காலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் சின்னதாகக் கறை போட்டிருந்தது. ஷூவால் அதை மறைத்து நின்றார். எந்தப் பக்கம் மறைத்தாலும் இன்னொரு பக்கம் தெரிந்தது.

அவள் திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது. இந்த வயிற்றை வைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. சக்கர நாற்காலிக்காரர்களுக்கான தனிக் கழிப்பறைக்கு அவரைக் கூட்டிப்போய், வாசலில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தியிடம் என்னமோ சொல்லி முதலில் அவரை உள்ளே விடச் செய்து, பையைக் கையில் திணித்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே வெதுவெதுப்பாக, சுத்தமாக இருந்தது. அதுவே அவருக்கு அழுகையைக் கொண்டுவந்தது. பையில் ஈரக் காகிதம் ஒரு கட்டு, காலுறை ஒரு ஜோடி, கால்சட்டை ஒன்று. கால்சட்டை என்றால் இரவு உடுப்பு, இடுப்பில் எலாஸ்டிக் வைத்தது, துணி முழுக்கப் பாண்டா முகம். சிரிக்கிற பாண்டா, தூங்குகிற பாண்டா, மூங்கில் கடிக்கிற பாண்டா. இங்கே நினைவுப் பொருள் கடையில் வேறு எது கிடைக்கும்? குழாயைத் திறந்து கால்களைக் கழுவினார், துடைத்தார், மறுபடியும் கழுவினார். வாசனை போய்விட்டதா என்று தெரியவில்லை, மூக்கு தனக்குச் சாதகமாகத்தான் சொல்லும். மேல்தட்டில் இருக்கிற தன் தட்டு நினைவுக்கு வந்தது. அவள் கை பட்டது ஆகாது என்று இருந்த உடம்பு இது. இந்த உடம்பைத்தான் அவள் முழங்கையில் பிடித்து இந்தத் தூரம் கொண்டுவந்தாள், மூக்கைச் சுளிக்காமல். அவர் மறுபடியும் முகத்தைக் கழுவினார். நெற்றியில் விபூதி கரைந்து புருவத்தில் வழிந்தது. கண்ணாடியில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, அதற்குக் கீழே இரண்டு தொடையிலும் பாண்டாக்கள். கால்சட்டை அளவு சரியாக இருந்தது. எப்படித் தெரிந்தது அவளுக்கு? துவைத்துக் காயப்போடுகிறவளுக்குத் தெரியாதா. நனைந்ததை எல்லாம் சுருட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, இரண்டு முடிச்சுப் போட்டார். கதவைத் திறக்கக் கை வரவில்லை. வெளியே குழந்தை அழுதது. அந்தக் குழந்தைக்கும் அவசரமாக இருக்கும் என்று தோன்றியபிறகுதான் திறந்தார். அவள் கால்சட்டையைப் பார்க்கவே இல்லை. முடிச்சுப் போட்ட பையை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் வேண்டாம் என்பதற்குள், தன் தோள்பையில் தண்ணீர் பாட்டிலுக்கும் ஆரஞ்சுப் பழத்துக்கும் நடுவே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள்.

நேசன் மூன்று சோளக் கதிர்களோடு வந்தான். தூரத்திலேயே அப்பாவைப் பார்த்து நின்றுவிட்டான், அப்புறம் கதிர்கள் கையிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தான். இதென்னப்பா கோலம் என்றான். செண்பகராமன் வாயைத் திறக்குமுன் சியாவ்லிங் பேச ஆரம்பித்தாள். வேகமாக, சிரித்துச் சிரித்து, கையை ஆட்டி, வெகுநேரம் பேசினாள். அவருக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் அவள் பொய் சொல்கிறாள் என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது. நேசன் முகம் மாறிக்கொண்டே வந்தது. சிரிப்புப் போய் வேறு எதுவோ வந்தது. கடையில் இதைப் பார்த்ததும் அவளுக்கு ஆசையாக இருந்ததாம், மாமா போட்டுக்கொள்வாரா என்று பயந்துகொண்டே கேட்டாளாம், அவர் மறு பேச்சுப் பேசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டாராம், அவளுக்காக. நேசன் இதைத் தமிழில் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தான்.

“நீங்க அவகிட்ட முகங்கொடுத்துப் பேசலைன்னு எனக்கு எவ்வளவு நாளா வருத்தம் தெரியுமாப்பா. வெளியில சொல்லலை. இன்னைக்கு நீங்க இந்தப் புள்ளைக்காக இதைப் போட்டுக்கிட்டு நிக்கீங்க. அம்மா பார்த்தா நம்பவே மாட்டா. கொஞ்சம் அவ பக்கத்துல நில்லுங்க, ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புதேன்.”

அவர் போய் நின்றார். அவள் அவர் பக்கத்தில் நின்று தலையைச் சாய்த்துச் சிரித்தாள். நேசன் கைப்பேசியைத் தூக்கினான். இப்படியே விட்டுவிடலாம். யாருக்கும் தெரியாது. வள்ளியம்மை சந்தோஷப்படுவாள், ஊரில் எல்லாரிடமும் காட்டுவாள், மருமகளுக்காக மனுஷர் என்னவெல்லாம் செய்கிறார் பாருங்கள் என்பாள், பேரப்பிள்ளை பிறந்து வளர்ந்து இந்தப் படத்தைப் பார்க்கும். எல்லாரும் பார்க்கப் போவது, அவர் ஒருநாளும் இருந்திராத ஒரு ஆளை. நனைந்தது வெட்கம்தான். நனைந்ததற்கு ஒரு வியாதி உண்டு, வயசு உண்டு, சொல்லிக்கொள்ளலாம். அன்பானவர் என்று பேர் வாங்கிக்கொண்டு நிற்பதற்கு என்ன சொல்லிக்கொள்வது? மகனுடைய ஈரக் கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணை அவரால் தாங்க முடியவில்லை.

“லே, அவ சொல்லுதது பொய்லே,” என்றார். “நான் பேன்டோட போயிட்டேன். அந்தப் புள்ள முன்னாடியே கேட்டா, நான்தான் வேண்டாம்னேன். அவதான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்தா.”

சொன்ன பிறகு காது அடைத்துக்கொண்டது. நேசன் கைப்பேசியை இறக்கினான். சோளக் கதிர்களிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. சியாவ்லிங் இன்னும் ஃபோட்டோவுக்காகச் சிரித்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகத்தைப் பார்த்தாள், நேசனிடம் ஏதோ கேட்டாள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவள் முகம் கழுத்துவரை சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டு, தாழ்ந்த குரலில், கோபமா வருத்தமா என்று பிரித்தறிய முடியாதபடி நாலைந்து வார்த்தை சொன்னாள்.

என்ன சொல்லுதா என்று அவர் கேட்டார்.

“ஏன் சொன்னாருன்னு கேக்காப்பா,” என்றான். சோளக் கதிர்களைக் கை மாற்றிக்கொண்டு, “அவ குடுத்தது உங்களுக்குப் பிடிக்கலையான்னு கேக்கா.”

கால்சட்டையைத்தான் கேட்கிறாள் என்று முதலில் நினைத்து அவர் குனிந்து அதைப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அல்ல, அவருக்காக அவள் சொன்ன பொய்யைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தது. அதற்கு எந்தப் பாஷையில் பதில் சொல்வது?

“பிடிச்சிருக்குன்னு சொல்லுலே,” என்றார். “ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லு.”

நேசன் சொன்னான். அவர் சொன்னதைவிட அது நீளமாக இருந்தது, சேர்த்து என்ன சொன்னான் என்று அவர் கேட்கவில்லை. அவள் நிமிரவில்லை, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜனக்கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. யாரோ அவர் கால்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள், அவருக்குச் சுருக்கென்றது, அந்தச் சுருக்கு இனி இந்த ஊரை விட்டுப் போகிறவரை இருக்கும், போன பிறகும் இருக்கும். அவர் சியாவ்லிங்கின் தோள்பையை நோக்கிக் கையை நீட்டினார். அவள் பையை இறுக்கிக்கொண்டு தலையாட்டி மறுத்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே நீட்டிக்கொண்டு, அந்தப் பொட்டலத்தையாவது நான் தூக்கிட்டு வாரேம்மா, என்று தமிழில்தான் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். பிறகு ஜிப்பைத் திறந்து, முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையை எடுத்து, கவனமாக, இரண்டு கையாலும் கொடுத்தாள்.